அம்மிக் குழவியும் பால் குடிக்கும்!

வெள்ளிக்கிழமை காலை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை எங்கள் ஆபீஸில் எந்த ஃபைலும் நகராது. ராகு காலம்! செக்ஷனில் எல்லாரும் பட்டதாரிகள். இரண்டு பேர் எம்.எஸ்ஸி. பிஸிக்ஸ். "புது டெண்டர் ஸார்... பன்னிரண்டு மணிக்கு மேல கையெழுத்துப் போட்டுடலாமே" என்பார்கள். பன்னிரண்டரைக்கு மானேஜர் சாப்பிடப் போய்விடுவார். ஆக, ஃபைலுக்குக் கிடைப்பது அரை மணி நேரம்.

ஒருநாள் சும்மா இருக்காமல் கால்குலேட்டரை எடுத்தேன். ராகு காலம் தினம் ஒன்றரை மணி. எமகண்டம் ஒன்றரை மணி. பகல் பொழுது மொத்தம் பன்னிரண்டு மணி. அதாவது, பகலில் கால்வாசி கெட்ட நேரம். நாற்பது வருஷம் உழைக்கிற மனிதனுக்குப் பத்து வருஷம் அவுட்! குளிகையையும் அஷ்டமியையும் நவமியையும் நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

ஒரு விஷயம் மட்டும் கவனித்தேன். சம்பளம் கணக்கில் ஏறிவிட்டதாக பேங்க் மெஸேஜ் ராகு காலத்தில் வந்தால், 'இந்தப் பணம் வேண்டாம்' என்று இதுவரை ஒருத்தரும் திருப்பி அனுப்பவில்லை.

அவசரப்படாதீர்கள். கடவுள் உண்டா, இல்லையா என்ற பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை. அது சாலமன் பாப்பையாவே தீர்ப்புச் சொல்லத் தயங்குகிற தலைப்பு. என் கேள்வி ரொம்பச் சின்னது. நம்பிக்கைக்கு ஒரு செலவு உண்டல்லவா? அது யார் கணக்கில் எழுதப்படுகிறது? நம்புகிறவர் கணக்கிலா, பக்கத்தில் இருக்கிற அப்பாவி கணக்கிலா?

இந்தக் கேள்விக்குப் பதில் தேட நான் எங்கேயோ வெளிநாட்டுக்குப் போகவில்லை. செஞ்சிக்குப் போனேன். பஸ் டிக்கெட் போதும்.

பீமன் எப்படிப் படுத்தான்?

செஞ்சி என்றால் எல்லாருக்கும் கோட்டைதான் ஞாபகம் வரும். 2025 ஜூலையில் மராட்டியர் ராணுவக் கோட்டைகள் வரிசையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பிறகு, கூட்டம் இன்னும் அதிகம். ஆனால் அந்தச் சீமையில் கோட்டையைவிட ஆயிரம் வருஷம் மூத்த சமாசாரங்கள் சின்னச் சின்னப் பாறைகளில் கிடக்கின்றன. அதில் ஒன்று தொண்டூர்.

தொண்டூர்ப் பாறையில் வழவழவென்று கல்லிலேயே படுக்கை வெட்டியிருக்கிறார்கள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தானாகவே வந்து விளக்கம் சொன்னார்.

"பஞ்சபாண்டவரு வனவாசத்துல படுத்த எடம் தம்பி இது."

"அப்படிங்களா ஐயா? பீமனுக்கு இந்த நீளம் பத்தாதுங்களே?"

பெரியவர் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. "கால மடக்கிக்கிட்டுப் படுத்திருப்பான்!"

இந்தச் சாமர்த்தியம் எனக்குப் பிடித்திருந்தது. தமிழ்நாட்டில் இப்படிக் கல்படுக்கை எங்கே இருந்தாலும் அது பஞ்சபாண்டவர் படுக்கைதான். மதுரைப் பக்கமும் அதே பெயர், புதுக்கோட்டைப் பக்கமும் அதே பெயர். கணக்குப் போட்டால் அந்த ஐந்து பேரும் ஒரே இடத்தில் இரண்டு ராத்திரி தூங்கியிருக்கவே முடியாது.

உண்மையில் அங்கே படுத்தவர்கள் சமணத் துறவிகள். தொண்டூர்ப் பாறையில் தமிழ்ப் பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ஏறத்தாழ 1,700 ஆண்டுப் பழசு. துறவிகளுக்கு இந்த இருப்பிடத்தை அமைத்துக் கொடுத்த தகவல் அதில் இருக்கிறது. பக்கத்து ஊரான அகலூரின் பெயரும் அதில் வருகிறது.

இப்போது ஒரு வேடிக்கையைப் பாருங்கள். சமணர்கள் துறவுக்கும் வினைப்பயனுக்கும் பேர்போனவர்கள். ஆனால் 'இந்த உலகத்தை ஒரு கடவுள் உட்கார்ந்து படைத்தார்' என்பதை அவர்கள் ஒப்புக்கொள்வதில்லை. உலகம் யாராலும் படைக்கப்படாதது என்பது அவர்கள் கட்சி. "கடவுளைக் கேள்வி கேட்பதெல்லாம் வெள்ளைக்காரன் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய சரக்கு" என்று என் பெரியப்பா அடிக்கடி சொல்லுவார். இறக்கிய சரக்கு இல்லை பெரியப்பா. செஞ்சி வட்டாரத்தின் மிகப் பழைய எழுத்துகளில் ஒன்று, படைப்புக் கடவுளை ஒப்புக்கொள்ளாத ஆசாமிகளுக்குப் படுக்கை போட்டுக் கொடுத்த ரசீது!

57 நாள்

செஞ்சிக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில் திருநாதர்குன்று. ஒரு பெரிய பாறையில் 24 தீர்த்தங்கரர்களையும் இரண்டு வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். ஸ்கூல் குரூப் போட்டோ மாதிரி அழகாக இருக்கும். அங்கே ஒரு கல்வெட்டு, சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாமல் இருந்து உயிர் விட்டார் என்று சொல்கிறது. சமணத்தில் சல்லேகனை என்கிற விரதம் அது.

57 நாள்! மத்தியானம் டிபன் பாக்ஸ் பத்து நிமிஷம் லேட்டானால் எனக்கெல்லாம் கை நடுங்குகிறது.

இது சரியா என்று இன்றைக்கும் விவாதம் ஓயவில்லை. 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் இந்த விரதம் குற்றம் என்றது. அதே மாதக் கடைசியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. எனக்கு அந்த விரதத்தில் உடன்பாடு கிடையாது. ஆனால் கல்வெட்டு சொல்கிறபடி பார்த்தால், சந்திரநந்தி பட்டினி போட்டது தன் வயிற்றை. அடுத்தவன் சாப்பாட்டுத் தட்டை அவர் பிடுங்கவில்லை. செலவு அவர் கணக்கில்.

இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

ராஜா எழுதிய காமெடி

செஞ்சியிலிருந்து விழுப்புரம் போகிற பக்கம் மண்டகப்பட்டு. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்மப் பல்லவன் பாறையைக் குடைந்து கட்டிய கோயில் அங்கே இருக்கிறது. பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்குமாகச் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் செய்ததாக ராஜாவே கல்வெட்டில் பெருமைப்பட்டுக்கொள்கிறார். பக்கத்தில் தளவானூரில் இன்னொரு குடைவரை.

இப்படிக் கோயில் மேல் கோயிலாகக் குடைந்த இதே ராஜாதான் 'மத்தவிலாசப் பிரகசனம்' என்ற சமஸ்கிருத காமெடி நாடகத்தை எழுதினார். கதை இதுதான். காஞ்சிபுரத்தில் ஒரு காபாலிகச் சாமியாரும் அவருடைய காதலியும் ஃபுல் போதையில் இருக்கிறார்கள். சாமியாரின் மண்டையோட்டுப் பாத்திரம் காணாமல் போய்விடுகிறது. அந்தப் பக்கம் வந்த புத்த பிட்சுவின் மேல் சந்தேகம். பிட்சுவோ, 'சாப்பாடு, படுக்கை எல்லாம் அனுமதித்த புத்தர், மதுவையும் மங்கையையும் மட்டும் எப்படி விட்டிருப்பார்? பொறாமை பிடித்த கிழவர்கள் அந்தப் பக்கத்தைக் கிழித்து ஒளித்துவிட்டார்கள்' என்கிற ரீதியில் யோசிக்கிற ஆள். பஞ்சாயத்துக்கு வருகிற பாசுபதருக்கோ காபாலிகரின் காதலி மேல் ஒரு கண். கடைசியில் பாத்திரத்தைக் கவ்விக்கொண்டு போனது ஒரு தெரு நாய். அதனிடமிருந்து ஒரு பைத்தியக்காரன் பிடுங்கி வைத்திருக்கிறான்.

அந்த மேடையில் கொஞ்சம் நிதானமாக நடந்துகொண்டது அந்த நாய்தான் என்று எனக்குத் தோன்றும்.

கவனியுங்கள். காபாலிகரும் பாசுபதரும் சைவர்கள். சிவனுக்குக் கோயில் குடைந்த ராஜா சைவச் சாமியார்களையே கிண்டல் பண்ணியிருக்கிறார். 1,400 வருஷத்துக்கு முன்னால் ராஜா எழுதலாம்; ஜனங்கள் சிரிக்கலாம். இன்றைக்கு அதே நாடகத்தைத் தெருமுனையில் போட்டுப் பாருங்கள். முதல் சீன் முடிவதற்குள் நாலு தரப்பிலிருந்து போலீஸ் புகார் போய்விடும். மனசு புண்படுகிற வேகம் நம் காலத்தில்தான் ஏறிக்கொண்டே போகிறது.

சாமி முகத்தைத் திருப்பினார்!

செஞ்சிக்கு வடக்கே சிங்கவரம். அங்கே குடைவரைக்குள் ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். தேசிங்கு ராஜா ஆற்காடு நவாப்புடன் சண்டைக்குக் கிளம்பும்போது இங்கே வந்து உத்தரவு கேட்டானாம். 'வேண்டாம்' என்பது போல் சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். ராஜா கேட்காமல் போனான். 1714-ல் இளம் வயதிலேயே களத்தில் மடிந்தான்.

கேட்கவே சிலிர்ப்பாக இருக்கும். ஆனால் ஒன்று யோசியுங்கள். தேசிங்கு ஜெயித்திருந்தால்? 'சாமி திரும்பிப் பார்த்து ஆசீர்வாதம் பண்ணினார்' என்று அதே சிலையைக் காட்டி அதே கதையை வேறு மாதிரி சொல்லியிருப்போம். நாடி ஜோசியம் முதல் தேர்தல் ஜோசியம் வரை எல்லாம் இந்த டெக்னிக்தான். மேட்ச் முடிந்த பிறகு ஸ்கோர் சொல்வது!

இன்னொரு வேடிக்கை. சாமி சொல்லைத் தட்டிவிட்டுப் போன தேசிங்கைத்தான் ஊர் இன்றைக்கும் பாட்டுப் பாடிக் கொண்டாடுகிறது. சொல் கேட்டு வீட்டோடு இருந்திருந்தால் யார் பாடியிருப்பார்கள்?

திருப்பதியும் திருத்தமும்

"ராக்கெட் விடுகிறவர்களே திருப்பதிக்குப் போகிறார்களே ஸார்!" என்று எம்.எஸ்ஸி. பிஸிக்ஸ் என்னை மடக்குவார். போகிறார்கள். நிஜம்தான். சந்திரயான்-2 கிளம்புவதற்கு முன்பும் இஸ்ரோக்காரர்கள் ஏழுமலையானைத் தரிசித்தார்கள். சந்திரயான்-3 மாடலை எடுத்துக்கொண்டும் போனார்கள்.

2019 செப்டம்பர் 7 அதிகாலை விக்ரம் லேண்டர் நிலாவில் மோதி நொறுங்கியது. 2023 ஆகஸ்டு 23 சாயங்காலம் அடுத்தது பூப்போல இறங்கியது. இரண்டு தடவையும் தரிசனம் ஒன்றுதான். அப்படியானால் வித்தியாசம் எங்கே?

நொறுங்கியபோது, 'அர்ச்சனையில் என்ன குறை?' என்று யாரும் கமிட்டி போடவில்லை. எங்கே தப்பு என்று டேட்டாவை அலசினார்கள். லேண்டரின் கால்களைப் பலப்படுத்தினார்கள். எரிபொருளைக் கூட்டினார்கள். சாஃப்ட்வேரைத் திருத்தினார்கள். முன்பு 500 மீட்டருக்கு 500 மீட்டர் சதுரத்தில் இறங்க வேண்டும் என்றிருந்ததை, 4 கிலோமீட்டர் நீளமும் சுமார் இரண்டரை கிலோமீட்டர் அகலமுமாக விரித்தார்கள். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் நம்ம விழுப்புரத்துக்காரர். செஞ்சியிலிருந்து ஒரு பஸ் தூரம்.

விஞ்ஞானி சாமி கும்பிடுவதில் எனக்கு வருத்தமே இல்லை. கும்பிட்டுவிட்டு வந்து நட்டை முறுக்குகிறாரா என்பதுதான் விஷயம். நம்மில் பலர் கும்பிடுவதோடு கிளம்பிவிடுகிறோம்.

குழவிக்கு ஒரு ஸ்பூன்

1995 செப்டம்பர் 21, வியாழக்கிழமை. பிள்ளையார் பால் குடிக்கிறார் என்ற செய்தி டில்லியில் கிளம்பி, சாயங்காலத்துக்குள் லண்டன் வரை போய்விட்டது. செல்போன், வாட்ஸ்அப் எதுவும் புழக்கத்தில் இல்லாத காலம், வெறும் எஸ்.டி.டி. பூத்தை வைத்தே சாதித்தார்கள். மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை விஞ்ஞானிகள் பாலில் சாயத்தைக் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். ஸ்பூனிலிருந்து உறிஞ்சப்பட்ட பால், சிலையின் மேலேயே மெல்லிய படலமாக வழிந்து இறங்கியது பளிச்சென்று தெரிந்தது. பரப்பு இழுவிசை, நுண்புழை ஏற்றம். பத்தாம் கிளாஸில் நாம் சாய்ஸில் விட்ட பாடம்.

நீங்களே செய்து பார்க்கலாம். அம்மிக் குழவியைக் கழுவி, ஈரத்தோடு நிறுத்துங்கள். ஸ்பூன் நிறையப் பாலை எடுத்து விளிம்பு குழவியில் படும்படி லேசாகச் சாய்த்துப் பிடியுங்கள். குழவியும் குடிக்கும். காசு கொடுத்து வாங்கிய பால் என்பதால் மனைவி பார்க்காத நேரமாகச் செய்வது உத்தமம்.

இதில் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. ஒருநாள் பால் போச்சு. ஆனால் எல்லா நம்பிக்கையும் ஒரு ஸ்பூன் பாலோடு முடிவதில்லை.

சங்கிலி

எங்கள் தெருவில் ஒரு பையன். டிப்ளமோ முடித்துவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன், திடீரென்று சுவரோடு பேச ஆரம்பித்தான். ராத்திரி தூக்கமில்லை. யாரோ தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்றான். "செய்வினை" என்றார் மாமா. "காத்துக் கருப்பு" என்றாள் அத்தை. மூன்று கோயில், ஒரு தர்கா, ஒரு ஜெபக் கூட்டம். மதநல்லிணக்கத்துக்குக் குறைவே இல்லை. வேப்பிலை அடி, எலுமிச்சம்பழம், தாயத்து. ஒரு இடத்தில் காலில் கயிறு போட்டுத் தூணில் கட்டினார்கள். அம்மாவின் நகை ஒவ்வொன்றாக அடகுக் கடைக்குப் போயிற்று. இரண்டு வருஷம்.

கடைசியில் ஒரு நர்ஸம்மாவின் வற்புறுத்தலில் அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். மனச்சிதைவு நோய், மாத்திரையில் கட்டுப்படும் என்றார் டாக்டர். அந்த அம்மா பயந்துகொண்டே, "கோயிலுக்குப் போறத நிறுத்தணுமா டாக்டர்?" என்று கேட்டார்.

"தாராளமாப் போங்கம்மா. மாத்திரைய மட்டும் ஒருநாள்கூட நிறுத்தாதீங்க."

இப்போது அவன் வேலைக்குப் போகிறான். காலையில் என்னைப் பார்த்தால் சிரிக்கிறான். அந்த இரண்டு வருஷத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

அவனாவது திரும்பி வந்தான். 2001 ஆகஸ்டு 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. தர்காவுக்கு வந்தால் புத்தி தெளியும் என்று குடும்பத்தார் கொண்டுவந்து விட்டவர்களை வைத்து, அந்த ஊரில் தனியார் பலர் 'மனநலக் காப்பகம்' நடத்தினார்கள். அப்படி ஒரு காப்பகத்தின் கீற்றுக் கொட்டகையில் விடியற்காலையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் செத்துப்போனார்கள்.

சந்திரநந்தியை ஞாபகம் வைக்கச் சொன்னேனே... இதற்குத்தான். அவர் தன் உடம்பின் மேல் தானே முடிவெடுத்தார். ஏர்வாடியில் சங்கிலி யார் காலில்? முடிவெடுத்தவர் யார்? நம்பியது குடும்பம், காசு பார்த்தது காப்பகம், வெந்து போனது அந்த 28 பேர். அவர்களை யாரும் 'உனக்குச் சம்மதமா?' என்று கேட்கவில்லை.

அந்தத் தீக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. காப்பகங்கள் மூடப்பட்டன. இன்றைக்கு 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மனநோயாளியைச் சங்கிலியில் கட்டவே கூடாது. அதே ஏர்வாடியில் 'தவா-துவா' என்ற பெயரில், அதாவது மருந்தும் பிரார்த்தனையும் என்று, தர்கா வளாகத்திலேயே டாக்டர்கள் உட்கார்ந்து மாத்திரை கொடுக்கும் திட்டம் வந்தது. எங்கள் தெரு டாக்டர் சொன்ன அதே வைத்தியம்!

கேட்டதால் கிடைத்தது

'நம்பிக்கையால் நல்லதே இல்லையா?' என்று கேட்பீர்கள். இருக்கிறது. வடலூரில் வள்ளலார் 1867-ல் மூட்டிய அடுப்பு இன்றைக்கும் எரிகிறது. பசித்தவனுக்குச் சோறு கிடைக்கிறது. ஆனால் அந்த வள்ளலாரே சாதியையும் சடங்கையும் சாடியவர்தான்.

கேள்வி கேட்டவர்களால் வந்த லாபத்தையும் சொல்ல வேண்டும். சென்னையில் 1880-களிலேயே 'தத்துவ விவேசினி' என்று ஒரு தமிழ்ப் பத்திரிகை நாத்திகம் பேசியது. பெரியார் ஈரோட்டிலிருந்து 'குடி அரசு' ஆரம்பித்தது 1925-ல். புரோகிதர் இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1950-களில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னபோது, எத்தனை பெண்கள் 'நான் மனைவியா, இல்லையா?' என்று தவித்திருப்பார்கள்! 1967-ல் அண்ணா ஆட்சியில் சட்டம் வந்தது. பழைய கல்யாணங்களும் சேர்ந்தே செல்லுபடியாயின. பகுத்தறிவாளர்கள் வீட்டில் இன்று தலைவர் படத்துக்கு மாலை, ஊதுபத்தி எல்லாம் நடப்பதையும் பார்க்கிறேன். அதுவும் கேள்விக்குத் தப்பக் கூடாது.

கேட்பவர்களுக்கு ஆபத்தும் உண்டு. மூடநம்பிக்கை ஒழிப்புச் சட்டம் வேண்டும் என்று போராடிய டாக்டர் நரேந்திர தபோல்கரை 2013 ஆகஸ்டு 20 அன்று புனேயில், காலை வாக்கிங் போனபோது சுட்டுக் கொன்றார்கள். அவர் செத்த பிறகுதான் மகாராஷ்டிரத்தில் அந்தச் சட்டம் வந்தது. 2017 மார்ச்சில் நம் கோயமுத்தூரில், கடவுள் இல்லை என்று எழுதிவந்த ஓர் இளைஞரை வெட்டிக் கொன்றார்கள். ஒரு கேள்விக்கு அரிவாள்தான் பதில் என்றால், அந்த நம்பிக்கைக்குத் தன் மேலேயே நம்பிக்கை இல்லை என்று அர்த்தம்.

கடைசியாக ஒரு விஷயம். நம் அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவு, விரும்பிய மதத்தைப் பின்பற்ற உங்களுக்கு உரிமை தருகிறது. 51ஏ பிரிவு, அறிவியல் மனப்பான்மையையும் விசாரித்தறியும் குணத்தையும் வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்கிறது. கும்பிடுவது உரிமை, கேட்பது கடமை. இரண்டும் ஒரே புத்தகத்தில்தான் இருக்கின்றன.

எனவே தாராளமாகக் கும்பிடுங்கள். ஆனால் உங்கள் வீட்டில், உங்கள் தெருவில் யாராவது சுவரோடு பேச ஆரம்பித்தால், தாயத்துக் கடைக்கு முன்னால் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு வழி சொல்லுங்கள். ஓ.பி. சீட்டுக்குக் காசு கிடையாது. ராகு காலத்திலும் கொடுப்பார்கள்.